பாஸ்புக்கில் விழுந்த பேர்

சத்தியராஜுக்குத் தன் தொழிலில் பிடிக்காத ஒரே விஷயம் சவப்பெட்டி. மற்றபடி எல்லாம் பிடித்திருந்தது. சுழல் நாற்காலி பிடித்திருந்தது. லெட்டர்பேடு பிடித்திருந்தது. சாவு வீட்டுக்குப் போனால் போதகருக்கு அடுத்தபடியாகத் தனக்கு நாற்காலி தூக்கிப் போடுகிறார்களே, அது ரொம்பவும் பிடித்திருந்தது. பெட்டியைத்தான் சகித்துக்கொள்ள முடியவில்லை.

பெட்டி அவருடைய அப்பா ஞானையன் விட்டுப்போனது. கேரளத்து எல்லையோரப் பாறசாலையில் நாற்பது வருஷம் பலகை இழைத்து, கறுப்புத் துணி ஒட்டி, ஆணி அடித்தவர் ஞானையன். ‘ஞானையன் கடை’ என்றால் குன்னத்துகால் வரை எந்தக் குழந்தையும் வழி சொல்லும். சொல்லி முடிப்பதற்குள் அதன் தாய் வாயைப் பொத்திவிடுவாள். அந்தக் கடைக்கு அந்நாளில் பூட்டே கிடையாது, ஒரு சங்கிலிதான். சவப்பெட்டியைத் திருடிக்கொண்டு போய் யார் என்ன செய்யப்போகிறார்கள்? எந்த நேரத்தில் வந்து தட்டினாலும் ஞானையன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து வந்து, “ஆளு என்ன நீளம்?” என்று மட்டும் கேட்பார்.

சத்தியராஜ் அப்படிக் கேட்பதில்லை. அவர் “அனுதாபங்கள்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத்தான் டேப்பை எடுப்பார். சபைக் கமிட்டியில் மெம்பர். அடுத்த தேர்தலில் செக்ரட்டரி ஆகிவிடுவார் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்ததும் அவர்தான்.

தொண்ணூற்றேழாம் வருஷம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. மாதம் நாற்பது ரூபாய் கட்டினால் போதும். கட்டியவர் எப்போது கண்ணை மூடினாலும் பெட்டி, வண்டி, பூ, பந்தல், பாட்டுக்காரர்கள், எல்லாம் கடையின் பொறுப்பு. பென்ஷன் வாங்கும் வாத்தியார்களும் நர்சுகளும் பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அவரை வரச்சொல்லி, குரலைத் தாழ்த்தி விவரம் கேட்டார்கள். தாழ்த்தாமல் முடியாது. உயிரோடிருக்கும் தாய் தனக்குப் பெட்டி ஏற்பாடு செய்கிறாள் என்று வெளியே தெரிந்தால் அப்புறம் அவள் மகன் சபையில் எந்த முகத்தோடு உட்காருவான்? அதனால் வசூலுக்கு ஆள் போகக்கூடாது. பாங்கில் எழுதிக் கொடுத்துவிட்டால் மாதம் ஐந்தாம் தேதி பணம் தானாகவே அவர்கள் கணக்கிலிருந்து கடைக் கணக்குக்கு வந்து சேரும். ஒரு குஞ்சுக்கும் தெரியாது. பாஸ்புக்கில் ஒரு வரி விழும், அவ்வளவுதான்.

அந்த வரியில்தான் வந்தது வினை.

பாங்கில் அப்போதுதான் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். அதற்கு மட்டும் ஏசி போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அதிகாரி பொன்னப்பன் ஒரு பாரத்தை எடுத்து நீட்டினார். வாடிக்கையாளர் பாஸ்புக்கில் அச்சாக வேண்டிய பெயர் என்று போட்டு, கீழே இருபத்துநாலு கட்டங்கள்.

“சத்தியராஜே, இதில எழுதுற பேருதான் எல்லாருக்க பாஸ்புக்கிலயும் விழும். பாத்த ஒடனே மனசிலாவணும், இது ஆருக்குப் போற பைசான்னு. ஞானையன் கடைன்னு எழுதும். தீர்ந்நு காரியம்” என்றார் பொன்னப்பன்.

சத்தியராஜ் சிரித்தார். பதிலுக்குப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். மூன்று வாரம் உட்கார்ந்து யோசித்த பெயர் அதில் இருந்தது: ‘மெஜஸ்டிக் இன்டர்நேஷனல் ஃப்யூனரல் அண்ட் மெமோரியல் சர்வீசஸ்.’

பொன்னப்பன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “இன்டர்நேஷனலா? ஏதெல்லாம் ராஜ்யம்?”

“களியக்காவிளைக்குப் பெட்டி போவுதுல்லா, சாரே.”

களியக்காவிளை தமிழ்நாட்டில்தான் இருக்கிறது, சந்தேகமில்லை. பாறசாலையிலிருந்து பஸ் ஏறி டிக்கெட் வாங்குவதற்குள் வந்துவிடும். பொன்னப்பன் பாரத்தின் கட்டங்களை விரலால் எண்ணினார். இவ்வளவு நீளம் கட்டத்தில் அடங்காது, இன்டர்நேஷனலை வெட்டிவிட்டு ஃப்யூனரலை வைத்துக்கொள்ளுங்கள், ஆட்களுக்குப் புரியும் என்று மட்டும் சொன்னார். சத்தியராஜ் பேனாவை வாங்கி, வெட்ட வேண்டியதைத் தானே வெட்டினார். மெஜஸ்டிக் இன்டர்நேஷனல் கட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. சாவைச் சொல்லும் சொல் ஒவ்வொன்றும் வெளியே போய்விட்டது. இறங்கி வரும்போது அவருக்கு உடம்பே லேசாகிவிட்டது போலிருந்தது.

வீட்டில் மனைவி விமலகுமாரி மீன் கழுவிக்கொண்டே கேட்டாள், இந்த மெஜஸ்டிக் ஆரு என்று.

“நான்தான்.”

“அது எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியுமா?”

இதற்குப் பதில் சொல்லிக் கொண்டிருந்தால் கம்பெனி வளராது என்று அவர் நினைத்தார். தங்க விளிம்பு போட்ட மெம்பர் கார்டு அடித்தார். விளிம்புக்கு மட்டும் கார்டு ஒன்றுக்கு முப்பது பைசா கூடுதல். கார்டில் கடையின் பெயரும் இல்லை, டெலிபோன் நம்பரும் இல்லை. தபால் பெட்டி எண் மட்டும் இருந்தது. போன் நம்பரைப் போட்டால் ஆட்கள் விலை பேசுவார்களாம். பெரிய கம்பெனிகளெல்லாம் தபால் பெட்டியோடு நிறுத்திக்கொள்ளுமாம். நெய்யாற்றின்கரையில் ஆபீஸ் திறந்த பிறகு போர்டு வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தார். அதுவரை கடை வாசலில் ஞானையனின் பழைய போர்டே தொங்கியது.

இருபத்து மூன்றாவது மெம்பர் ரத்னபாய் டீச்சர். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்து நாலு வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துப் படிப்பித்தவர். குன்னத்துகாலில் மகன் ஜெனிலோடு இருந்தார். ஜெனில் வயரிங் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் சத்தியராஜை வரவழைத்து, கதவைச் சாத்திவிட்டு, காரியத்தைச் சொன்னார்.

அவருடைய கணவர் இறந்தது அறுபத்தெட்டில். வீட்டில் காசில்லை. சபையில் நோட்டுப் போட்டுப் பிரிவு எடுத்தார்கள், வீடு வீடாக வசூல். நாலணா, எட்டணா என்று ஊரே போட்டது. அந்தக் காசில் பெட்டி வாங்கி அடக்கம் செய்தார்கள். அதுவரைக்கும் சரி. ஆனால் அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு: பிரிவு நோட்டை அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லார் காதிலும் விழும்படி வாசிப்பார்கள். கணக்கு சுத்தமாக இருக்க வேண்டுமே. இன்னார் இவ்வளவு, இன்னார் இவ்வளவு என்று நூற்றுப் பதினேழு பேரை வாசித்து முடிக்கும் வரை ரத்னபாய் வெள்ளைப் புடவையில் கைக்குழந்தையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் முப்பது வருஷமாக, வேலித் தகராறு என்றாலும் தண்ணீர்க்குழாய்த் தகராறு என்றாலும், எதிரில் நிற்பவள் கடைசியில் அந்த எட்டணாவைத்தான் எடுப்பாள்.

“பிரிவு எடுத்த பெட்டியில நான் போவாண்டாம். அவ்வளவுதான் சத்தியராஜே. வேற ஒண்ணும் கர்த்தர்கிட்ட நான் கேக்கல்ல” என்றார் டீச்சர்.

பலகையை அவரே சொன்னார், அயினி, மண்ணுக்குள் கிடந்தும் சீக்கிரம் உளுக்காத மரம். பித்தளைப் பிடி நாலு. நீளத்தைத் தானே டேப் வைத்து அளந்து எழுதிக் கொடுத்தார்: ஐந்தடி ஒரு அங்குலம். கடைசியில் வேதப்புத்தகத்தை எடுத்துச் சத்தியராஜின் முன்னால் வைத்தார். சத்தியராஜ் அதன் மேல் கையை வைத்தார். ஒரு மாதத்தில் பெட்டி தயாராகிக் கடை மாடிக்கு ஏறிவிட்டது. பெயர் எழுதிய சீட்டை விமலகுமாரி ஒட்டினாள்.

பதினாலு மாதம் பணம் ஒழுங்காக வந்தது. அதற்குள் டீச்சருக்கு வாதம் வந்து வலது பக்கமும் வாயும் போய்விட்டன. சத்தியராஜ் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்கப் போனார். டீச்சர் இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. மருமகள் காப்பி போடப் போன நேரத்தில் சத்தியராஜ் குனிந்து, “எல்லாம் நான் பாத்துக்கிடுவேன், டீச்சரே” என்றார். அப்புறம்தான் கை தளர்ந்தது.

அடுத்தடுத்து இரண்டு மாதம் பாங்கு கொடுத்த பட்டியலில் டீச்சரின் பெயர் இல்லை. விமலகுமாரிதான் கண்டுபிடித்தாள். குன்னத்துகாலுக்கு ஒரு பஸ்தானே, போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று புடவை மாற்றப் போனவளைச் சத்தியராஜ் தடுத்தார்.

“கம்பெனி வீட்டுக் கதவத் தட்டாது. லெட்டர் போடும்.”

லெட்டர் போட்டார். நெய்யாற்றின்கரையில் டைப் அடிக்கக் கொடுத்து, ஆங்கிலத்தில், மானேஜிங் டைரக்டர் என்று கையெழுத்திட்டு மூன்று லெட்டர். மூன்று மாதம் கட்டாவிட்டால் மெம்பர்ஷிப் ரத்து என்ற விதியையும் மூன்றாவது லெட்டரில் குறிப்பிட்டிருந்தார். அந்த விதி கார்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. அந்த லெட்டரை எழுதியபோது டீச்சரின் முகம் அவருக்கு ஞாபகம் வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது. ஆனால் விதி விதிதானே, எல்லாருக்கும் ஒன்றுதானே என்று அதை ஒதுக்கிவைத்தார்.

ஓணம் விடுமுறையில் பாங்குகள் தொடர்ந்து மூடிக் கிடந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் டீச்சர் இறந்தார். சத்தியராஜும் விமலகுமாரியும் அன்று காஞ்சிரங்குளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் தங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரும்பி வந்தபோது பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார்: ஜெனில் விடியக்காலையே வந்து தட்டினான், பூட்டைப் பார்த்துவிட்டுக் களியக்காவிளைக்குப் போய்விட்டான், நாலு மணிக்கு அடக்கம். சங்கிலியை எடுத்துவிட்டு இரட்டைப் பூட்டும், ‘ஞாயிறு விடுமுறை’ என்ற பலகையும் மாட்டியது சத்தியராஜ்தான்.

விமலகுமாரி கழுத்தில் கிடந்த கல்யாண நகையைக் கழற்றாமலே மாடிக்கு ஏறிப் பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்தாள்.

“மெம்பர்ஷிப் ரத்தாயாச்சு. மூணு லெட்டர் போட்டாச்சு” என்றார் சத்தியராஜ், ஏணிப்படியில் நின்றுகொண்டு.

“ஆருக்குப் போட்டிய? வாய் போன ஆளுக்கா?” அவள் துணியை உதறினாள். “புஸ்தகத்தில கைய வச்சது மெஜஸ்டிக்கா, நீங்களா?”

கடைசியில் இப்படி முடிவானது. சத்தியராஜ் முன்னால் போய் ஜெனிலிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியது. விமலகுமாரி ஜீப் பிடித்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு முக்கில் நிற்க வேண்டியது. அவர் தலையசைத்தால் பெட்டி உள்ளே வரும். பிரிவு வேண்டாம் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். போகும் வழி முழுக்க அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். இரண்டே வாக்கியம்தான். நாலு பேர் நடுவில் சொன்னால் செக்ரட்டரி தேர்தலுக்கும் கெடுதலில்லை என்று கூடத் தோன்றியது.

முற்றத்தில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். பந்தலின் கீழே களியக்காவிளைப் பெட்டி வந்து இறங்கியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் சத்தியராஜுக்குப் பலகை தெரிந்துவிட்டது, விலை மலிந்த மட்டி மரம். கறுப்புப் பெயின்ட் இன்னும் காயவில்லை. தூக்கி வந்தவர்களின் கையிலெல்லாம் கறை. யாரோ அவருக்கு நாற்காலி போட்டார்கள். உட்காருவதற்குள் ஜெனில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணா, ஒங்க கடைக்குத்தான் மொதல்ல வந்தேன். பூட்டியிருந்து.”

“கல்யாணத்துக்குப் போயிருந்தேன், மக்கா. நான் ஒரு காரியம் சொல்ல…”

“நான் ஒண்ணு கேக்கட்டு, அண்ணா. நீங்க நாலு எடம் போற ஆளு.” சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தான். தங்க விளிம்பு வெயிலில் மினுங்கியது. “அம்மைக்க தலவாணிக்க அடியில இருந்து. மாசாமாசம் பென்ஷன்ல இருந்து நாப்பது ரூவா இந்தப் பேருக்குப் போயிருக்கு. பாஸ்புக்கு பதிய குடுத்தப்பதான் கண்டேன். மெஜஸ்டிக் இன்டர்நேஷனல். ஆளில்ல, வெலாசமில்ல, ஒரு தபால் பெட்டி. ஆளுகளுக்க பைசாவ அறுத்துக்கிட்டு ஓடுற பிளேடு கம்பெனியாக்கும்.”

சத்தியராஜ் வாயைத் திறந்தார். ஜெனில் நிறுத்தவில்லை.

“வாய் போன பெறவு பாஸ்புக்க முன்னால பிடிச்சுக் கேட்டேன். இது ஆரும்மா, நிறுத்தட்டா? அம்மை தலைய ஆட்டினா. ஆட்டினா, ஆட்டினா, நிறுத்தாம ஆட்டினா. நிறுத்தச் சொல்லுகான்னு நெனச்சேன். பேப்பர்ல கைநாட்டு வாங்கி பாங்குல கொண்டு குடுத்தேன். இங்கிலீசுல லெட்டரா வந்து, எல்லாத்தையும் கிழிச்சேன்.” அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அதுக்குப் பெறவு அம்மை என் மொகத்தப் பாக்கல்ல அண்ணா. நான் கஞ்சி கொண்டு போனா செவரப் பாத்துத் திரும்பிக்கிடுவா. என்ன பெழ செய்தேன்னு தெரியல்ல.”

முப்பத்து நாலு வருஷம் ஊருக்கு எழுத்துப் படிப்பித்த விரலில் மை தடவி எடுத்த கைநாட்டு அது.

நாற்காலியில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். எறணாகுளம் பக்கத்து ஆளாக இருக்கும் என்றார் ஒருவர். இன்டர்நேஷனல் என்று பெயர் வைத்தாலே கள்ளன்தான் என்றார் இன்னொருவர். என் சித்தப்பாவின் பாஸ்புக்கிலும் இந்தப் பெயரைக் கண்டேன் என்று மூன்றாவது குரல் வந்தது. பாங்கு திறந்ததும் எல்லாருமாகப் போய் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும், ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

“நீங்க கேட்டிருக்கியளா, அண்ணா, இந்தப் பேர?” என்றான் ஜெனில்.

சத்தியராஜ் கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்துப் பொடி எழுத்து. அடியில் மானேஜிங் டைரக்டரின் கையெழுத்து, யாருக்கும் வாசிக்க வராதபடி அவர் பழகிப் பழகிக் கொண்டுவந்த கையெழுத்து. முப்பது பைசா விளிம்பு. கார்டை ஜெனிலிடமே திருப்பிக் கொடுத்தார்.

“கேட்டதில்ல, மக்கா” என்றார்.

பிறகு, எல்லாரும் தன்னையே பார்ப்பது போலிருந்ததால், “பேரப் பாத்தாலே கள்ளம்னு தோணுது” என்றும் சேர்த்துச் சொன்னார்.

முக்கில் ஜீப் நின்றுகொண்டிருந்தது. பின்னால் தார்ப்பாய் மூடிய பெட்டி. முன் சீட்டில் விமலகுமாரி, மடியில் வெள்ளைப் பூ. அவள் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தியராஜ் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். அவளுக்குப் புரியவில்லை போல, இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். அவர் மறுபடி ஆட்டினார். இந்த முறை நிறுத்த முடியாமல் ஆட்டினார். ஜீப் பின்னால் எடுத்துத் திரும்பியது. விமலகுமாரி மட்டும் இறங்கி, பூவோடு நடந்து வந்து, அவரைத் தாண்டிப் பெண்கள் பக்கம் போய்விட்டாள்.

அதற்குள் பிரிவு நோட்டு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவில் ஜெனில் ஒன்றுமில்லாமல் ஆகியிருந்தான். பாங்கும் மூடிக் கிடக்கிறது. பெட்டிக்காரனுக்கு ஆயிரத்து நூறு கொடுக்க வேண்டும். நோட்டு வைத்திருந்த கமிட்டிக்காரர் ராஜையா பேனாவை உதறிக்கொண்டு சத்தியராஜ் முன்னால் வந்து நின்றார். சத்தியராஜ் ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து மடித்துக் கொடுத்தார். பிரித்துப் பார்த்த ராஜையாவின் புருவம் உயர்ந்தது.

“என்ன பேரு எழுதட்டு? உங்க பேரா, கடைக்க பேரா?”

“பேரு வேண்டாம்.”

கல்லறையில் முதல் பிடி மண்ணைப் போதகர் போட்டார். அடுத்தது ஜெனில். சத்தியராஜ் பின்னாலேயே நின்றார். ஆனால் ஞானையனின் மகனுக்குக் காதை மூடிக்கொண்டாலும் கேட்கும். அயினியில் விழுந்தால் மண் ஒரு மாதிரி அடங்கி விழும். இது தகரத்தில் விழுந்த மாதிரி விழுந்தது. பலகை அரை அங்குலம் கூட இல்லை, ஒரு மழைக்குத் தாங்காது என்று கணக்குப் போட்டது அவர் மனசு, அவரைக் கேட்காமலே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும் தறுவாயில் ராஜையா நோட்டோடு எழுந்து நின்றார். காலஞ்சென்ற ரத்னபாய் டீச்சரின் பெட்டிச் செலவுக்குப் பிரிவு கொடுத்தவர்கள் என்று தொடங்கினார். ஜெனில் முன் பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். பத்து ரூபாய், ஐந்து ரூபாய், இருபது ரூபாய் என்று பெயர் பெயராக வந்தது. முப்பத்தாறாவது வரியில் ராஜையா கொஞ்சம் நிறுத்தி, குரலை உயர்த்தினார்.

“பேர் சொல்ல மனதில்லாத ஒரு சகோதரர், ஐந்நூறு.”

சபையில் ஒரு சின்ன முணுமுணுப்பு எழுந்தது. ஆள் யாரென்று தெரியாதவர் யாருமில்லை. பக்கத்தில் இருந்தவர் சத்தியராஜின் தொடையைத் தட்டி, இப்படிப்பட்ட ஆள்தான் செக்ரட்டரியாக வர வேண்டும் என்றார். சத்தியராஜ் கண்ணை மூடிக்கொண்டார்; தாழ்மை என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து விமலகுமாரி எழுந்து, ஆசீர்வாதத்துக்கு நிற்காமல், கதவைத் தாண்டி வெளியே போனாள்.

ராஜையா தாளைத் திருப்பினார். இன்னும் எழுபத்திரண்டு பேர் இருந்தார்கள்.